ஸ்கூட்டர் டிக்கியில் ஆப்பிள் வைத்தியம்

என் கழுத்தில் ஊசி குத்த இனி எந்த டாக்டருக்கும் அனுமதி கிடையாது என்று ஒரு நாள் தீர்மானம் போட்டேன். ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர் உண்டு. மனைவி லோகநாயகி. மகள் அனு, பிளஸ் டூ படிக்கிறாள். அவர்களையும் கூப்பிட்டால் தீர்மானம் தோற்றுவிடும் என்பதால் பாத்ரூமில் வைத்து நிறைவேற்றினேன். கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பத் தலைவன் சுதந்திரமாகப் பேச அந்த ஓர் இடம்தான் இருக்கிறது. அங்கேயும் குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குத் தலைக்கு டை அடித்துவிடுவது லோகநாயகி. எனக்கு ஓட்டை பனியன், அவள் கையில் பழைய டூத் பிரஷ். வாரம் முழுக்க நான் செய்த தப்புகளை அவள் நிதானமாகச் சொல்லிக்கொண்டே அடிப்பாள். தலை அவள் கையில் இருக்கும்போது நான் எங்கே எழுந்து ஓடுவது? அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் இடது காதுக்குக் கீழே வந்ததும் பிரஷ் நின்றது. பேச்சும் நின்றது. பிரஷ் நின்றதைவிடப் பேச்சு நின்றதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னாங்க இது, கோலிகுண்டு மாதிரி உருளுது?"

"எங்க?"

"காதுக்குக் கீழ. அமுக்குனா வலிக்குதா?"

"இல்லியே. கொசு கடிச்சிருக்கும்."

"கொசு தோலுக்கு உள்ள போயா கடிச்சுது?"

மறுநாளே டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரும் அமுக்கிப் பார்த்தார். வலிக்கிறதா என்றார். இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. "வலிக்காத கட்டியத்தான் பாத்துடணும் சார். மெட்ராஸ்ல போயி ஒரு ஊசி போட்டு, உள்ள இருக்கறத கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிருங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா பாக்காம விடக்கூடாது" என்றார்.

அவர் சொன்ன அத்தனையும் லோகநாயகி காதில் விழுந்தது. என் காதில் ஊசி மட்டும் விழுந்தது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெயர் காசிநாதன். வேலை அணுமின் நிலைய ஸ்டோர்ஸில். போல்ட், நட், பேரிங், வாஷர் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். சப்ளையர் ஒரிஜினல் பேரிங்கோடு நாலு டூப்ளிகேட்டைக் கலந்து அனுப்பினாலும், தூரத்தில் நின்று பார்த்தே பொறுக்கி எடுத்துவிடுவேன். சரி பார்த்த சரக்கு டப்பாவில் காகிதச் சீட்டு ஒட்டி, அதன் மேல் குறுக்கே என் கையெழுத்தைப் போடுவேன். அதற்கப்புறம் எவனும் அதைத் தொட முடியாது. அப்படிப்பட்ட என்னை ஒருவர் ஊசியால் குத்தி, உள்ளே இருப்பது நல்ல சரக்கா கெட்ட சரக்கா என்று பார்ப்பதா? ஊசி என்றாலே எனக்குச் சின்ன வயதிலிருந்து கால் நடுங்கும் என்பது வேறு விஷயம். அது தன்மானத்துக்கு அப்புறம்தான்.

"எப்ப மெட்ராசுக்கு போறோம்?" என்று லோகநாயகி தினமும் கேட்டாள்.

"ஸ்டோர்ஸ்ல ஆடிட் நடந்துகினு இருக்குது."

"ஆடிட் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இப்ப அனுவுக்கு பரீட்சை."

"பரீட்சை எழுதப் போறது அவதான?"

"நாளைக்கு அமாவாசை. அமாவாசைல யாராவது ரத்தம் குடுப்பாங்களா?"

"நேத்து பிரதோஷம்னீங்க. பக்தி பண்ற ஆளுங்க கோயிலுக்காச்சும் வரணும் இல்ல?"

அவள் குரலில் கோபம் இருந்தது. அதற்குக் கீழே பயம் இருந்தது. அது எனக்கும் தெரியும். அவளுடைய சித்தப்பா ஒருவர் இப்படித்தான் ஒரு கட்டியைக் கவனிக்காமல் விட்டுப் போய்ச் சேர்ந்தார். எனக்கும் பயம்தான். அவள் பயம் ஆஸ்பத்திரியைப் பார்த்து ஓடியது. என் பயம் அதற்கு எதிர்த்திசையில் ஓடியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சமயத்தில்தான் ஜெபகுமார் வந்தான். நாகர்கோவில்காரன், ஸ்டோர்ஸில் எனக்கு அடுத்த நாற்காலி. ஆபீசில் அப்போதுதான் எல்லோருக்கும் ஈமெயில் கொடுத்திருந்தார்கள். வேலை சம்பந்தமாக ஒரு மெயிலும் வராது. அதனால் அவனுக்கு நிறைய ஓய்வு.

"சார், இங்க வாரும். இதைப் படிச்சுப் பாரும்" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினான். "ஆப்பிள் வெதையில பி பதினேழுன்னு ஒரு வைட்டமின் இருக்காம். பழத்தத் தின்னுட்டு வெதையத் துப்புதோம் பாத்தியளா, அதுதான் நாம செய்யுத தப்பு. வெதைய அரைச்சுத் தின்னா கேன்சர் கட்டி ஐஸ் மாதிரி கரைஞ்சிருமாம். மருந்துக் கம்பெனிக்காரனுவ அமுக்கிட்டானுவ."

"யார் அனுப்புனது?"

"என் மச்சான். மஸ்கட்டுல ஏசி மெக்கானிக்."

ஒரு பேரிங் வந்தால் எந்த ஃபாக்டரி, எந்த வருஷம், யார் டெஸ்ட் பண்ணினது என்று மூன்று கேள்வி கேட்பேன். அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கத் தோன்றவில்லை. ஊசி இல்லாத வைத்தியம் என்றதும் மூளை தானாக சீல் குத்திவிட்டது.

அன்று சாயங்காலமே புதுப்பட்டினம் மார்க்கெட்டில் நின்றேன். செங்கம்மாள் வண்டியில் சிம்லா ஆப்பிள் குவித்து வைத்திருந்தாள். விதை நிறைய இருக்கிற பழமாகப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து எப்படித் தெரியும்? ஒவ்வொரு ஆப்பிளாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். சில பழங்களில் உள்ளே கிலுகிலுவென்று கேட்கும். கேட்டதை எல்லாம் பைக்குள் போட்டேன்.

"இன்னா சார், தேங்காய ஆட்ற மாரி ஆட்றே?" என்றாள் செங்கம்மாள்.

"நல்லதா பாக்குறேன்மா."

"நல்லா கீற பயத்த எல்லாம் ஒதுக்கிட்டு லொடலொடன்னு கீறத எடுக்கறியே. வூட்ல கொயந்த வெள்ளாடவா?"

"நீ எடை போடு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆப்பிள் காலம். பதினெட்டு வருஷத்தில் ஒரு பூவன்பழச் சீப்புகூட வாங்கி வராதவன், தினமும் பை நிறைய ஆப்பிளோடு வந்து நின்றேன். டாக்டர் பழம் சாப்பிடச் சொன்னார் என்றேன். நறுக்குவதும் நானே. நடுவில் இருக்கிற விதையை யாருக்கும் தெரியாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டுமே. மிச்சப் பழத்தை என்ன செய்வது? முதல் நாள் அப்படியே தின்றோம். மறுநாள் ஆப்பிள் பச்சடி. அப்புறம் ஆப்பிள் தொக்கு. அப்புறம் ஆப்பிள் மோர்க்குழம்பு. நாலாவது நாள் அனு தட்டைத் தள்ளிவிட்டாள்.

"அம்மா, ரசத்துலயும் ஆப்பிளா?"

"உங்கப்பாவ கேளு. காஷ்மீர்ல பொண்ணு எடுத்த மாதிரி வாங்கியாந்து கொட்டறாரு."

"உடம்புக்கு நல்லதும்மா அனு" என்றேன்.

"உடம்புக்கு நல்லது ஊசி" என்றாள் லோகநாயகி. நான் ரசத்தைக் குனிந்து குடித்தேன்.

விதையைக் காயவைப்பது அடுத்த சிக்கல். அதற்கும் வழி கிடைத்தது. லோகநாயகியின் தம்பி மதுராந்தகம் பக்கம் தர்பூசணி போட்டிருக்கிறான். கோடையில் மூட்டையாக வந்து இறங்கும். அவள் விதைகளைக் கழுவி, வறுத்துத் தின்பதற்காக மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்துக் காயவைப்பாள். அந்தக் காகிதத்தின் ஒரு மூலையில் என் ஆப்பிள் விதைகளையும் பரப்பிவிட்டேன். அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு. யாருக்குச் சந்தேகம் வரும்? சரக்கோடு சரக்காகக் கலந்து ஒளிப்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? சப்ளையர்கள் என்னிடம் செய்து மாட்டிக்கொண்ட வித்தைதானே.

பௌர்ணமி அன்று லோகநாயகி கிரிவலம் சுற்ற அனுவோடு திருக்கழுக்குன்றம் போனாள். போகும்போது, "உங்க கழுத்துக்குத்தான் வேண்டிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு என்னவோ போல் இருந்தது. பஸ் கிளம்பியதும் அது சரியாகிவிட்டது.

விதைகளை மிக்ஸியில் போட்டு நைசாக அரைத்தேன். சின்ன எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன். மூடியின் மேல் காகிதச் சீட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டேன். டப்பா போன இடம் ஸ்கூட்டர் டிக்கி. வீட்டில் என் ஆட்சிக்கு உட்பட்ட ஒரே பிரதேசம் அதுதான். அரைத்ததற்குத் தடயம் எதுவும் இருக்கக் கூடாது என்று மிக்ஸி ஜாரைச் சபீனா பவுடர் போட்டு மூன்று தரம் கழுவி, துடைத்து, மேடையில் கவுத்து வைத்தேன். பிளேடு இடுக்கில்கூட ஒரு துகள் இல்லை. இந்த வேலையை ஒரு ஸ்டோர்ஸ் ஆள்தான் செய்ய முடியும் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மறுநாள் மத்தியானம் ஆபீசில் முதல் ஸ்பூன். வாயில் போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படி ஒரு கசப்பு. கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்தது. வயிற்றைப் புரட்டியது. பேரிங் பெட்டிகளுக்கு நடுவில் படுத்துவிட்டேன்.

"மருந்து வேலை செய்யுது" என்றான் ஜெபகுமார். "மெயில்லயே போட்டிருக்கு. மயக்கம் வந்தா நல்லதாம். கட்டிக்கும் மருந்துக்கும் சண்டை நடக்காம்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. ரெண்டாவது நாள் அதே கசப்பு. ஆனால் கிறுகிறுப்பு இல்லை. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் பசி நன்றாக எடுத்தது. ஒவ்வொரு தடவையும் சீட்டைப் பிரிப்பேன், ஒரு ஸ்பூன் போட்டுக்கொள்வேன், புதுச் சீட்டு ஒட்டிக் கையெழுத்துப் போடுவேன். தினமும் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தேன். கட்டி சின்னதாகிக்கொண்டே வந்தது. அதாவது, இடது கண்ணைக் கொஞ்சம் இடுக்கிப் பார்த்தால் அப்படித் தெரிந்தது. ஜெபகுமார் தனக்கும் முன்ஜாக்கிரதைக்குக் கொஞ்சம் வேண்டும் என்றான். தாராள மனசோடு ஒரு தீப்பெட்டி நிறையக் கொடுத்தேன்.

வீட்டில் ஒரு மாற்றம் நடந்ததைக் கவனித்திருக்க வேண்டும். லோகநாயகி ஆஸ்பத்திரி பேச்சையே எடுக்கவில்லை. எப்போது போகிறோம் என்று கேட்கவில்லை. கோபமில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள். இரண்டு வாரம் இப்படியே போனது. என் மனைவி சண்டை போடாத நாள்தான் அபாயமான நாள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது யாரும் யோசிப்பதில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. ஓட்டை பனியன், டூத் பிரஷ், டை கிண்ணம். அவள் எதுவும் பேசாமல் பாதித் தலைக்கு அடித்தாள். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாங்க."

"சொல்லு."

"எனக்கும் ஒண்ணு இருக்குது."

"என்ன ஒண்ணு?"

"கட்டி. அக்குள்ல."

திரும்பிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் டூத் பிரஷைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து டை வழிந்து என் கண்ணுக்குள் போனது. துடைக்கத் தோன்றவில்லை.

"எப்போலேர்ந்து? எங்க, காட்டு."

"தொடாதீங்க. ரெண்டு வாரமா இருக்குது. வலிக்கல."

வலிக்கவில்லை என்றதும் எனக்கு உள்ளே எல்லாம் நின்றுபோனது. வலிக்காத கட்டியைத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது, ஊசிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த அந்த வாக்கியம், இப்போதுதான் என் காதுக்கு வந்து சேர்ந்தது.

"ஏன் சொல்லல நீ?"

"இன்னாத்துக்கு? ஆஸ்பத்திரி எல்லாம் வேணாம். நம்ம வூட்லயே மருந்து இருக்குதே."

"என்ன மருந்து?"

"உங்க டிக்கில. எவர்சில்வர் டப்பால."

பொய் ஒன்றைத் தேடினேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஆப்பிள் கொட்டைதான அது?" என்றாள் ரொம்ப மெதுவாக. "எல்லாம் எனக்குத் தெரியும். செங்கம்மா சொன்னா, சார் பயத்த ஆட்டி ஆட்டி வாங்கறாருன்னு. கோபமெல்லாம் இல்லீங்க. உங்களுக்கு நல்லா இருந்தா எனக்கும் நல்லாத்தான இருக்கும்? ஒரு ஸ்பூன் குடுங்க."

அவளே போய் டப்பாவையும் ஸ்பூனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். டிக்கி சாவி அவளிடம் எப்படி வந்தது என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. சீட்டைக் கிழித்தேன். ஸ்பூனில் பொடியை எடுத்தேன். அவள் சின்னக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தாள்.

என்னால் முடியவில்லை. கை பாதியில் நின்றது. அந்தப் பொடியைப் பார்த்தேன். மஸ்கட்டில் ஏசி ரிப்பேர் செய்கிற ஒருவன், அவனுக்கு யாரோ அனுப்பியது, அவருக்கும் யாரோ அனுப்பியது. எந்த ஃபாக்டரி என்று தெரியாது. யார் டெஸ்ட் பண்ணினது என்று தெரியாது. இதை நம்பி லோகநாயகியை விட்டுவிடுவதா? ஸ்பூனைச் சரித்துப் பொடியைத் தரையில் கொட்டினேன்.

"உனக்கு இது வேணாம்" என்றேன்.

"ஏன்?"

"இதுல கேரண்டி இல்ல."

"உங்களுக்கு மட்டும் இருக்குதா?"

"நான் வேற, நீ வேற."

"எப்படிங்க வேற? எனக்குன்னா கட்டி, உங்களுக்குன்னா கொசுக்கடியா?"

"பேசாத. நாளைக்குக் காலைல மொத பஸ்ல மெட்ராஸ் போறோம். நான் லீவு போடறேன்."

"நாளைக்கு அமாவாசை."

"அமாவாசையாவது ஒண்ணாவது. நீ இல்லாம நான் என்னடி பண்ணுவேன்?"

இது நான் யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது. அவள் முந்தானையால் என் கண்ணில் வழிந்த டையைத் துடைத்துவிட்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாதித் தலை கறுப்பும் பாதித் தலை வெளுப்புமாக அன்று முழுக்க நடமாடினேன். மிச்சத்தை அடிக்க இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். மாமல்லபுரத்தில் வண்டி நின்றபோது இறங்கி ஓடிப்போய் இளநீர் வாங்கிவந்தேன். கோவளம் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதோடு விட்டேனா? தைரியமும் சொன்னேன்.

"பயப்படாத. ஊசிதான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்."

"அப்படியா?"

"கண்ண மூடிகினு நூறு வரைக்கும் எண்ணு. முடிஞ்சுரும். இந்தக் காலத்துல இதுக்கெல்லாமா பயப்படறது? சின்னக் கொழந்தைங்களே அழாம போட்டுக்குது."

"நீங்க சொன்னா சரிங்க."

"என்ன ஏதுன்னு தெரிஞ்சுட்டா பாதி நோய் போச்சு. தெரியாம இருக்கறதுதான் முட்டாள்தனம்."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். நான் இவ்வளவு நன்றாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. முன் சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தோம். லோகநாயகி பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தாள். நான்தான் நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து கதவைப் பார்த்தேன். ஒரு நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

"காசிநாதன்."

"அது நாந்தாம்மா, வூட்டுக்காரர். பேஷண்ட் பேரு லோகநாயகி."

நர்ஸ் கையிலிருந்த சீட்டைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். "இடது காதுக்குக் கீழ கட்டி. போன வாரமே போன் பண்ணி டயம் கேட்டிருக்காங்களே. உங்களுக்குத்தான?"

நான் லோகநாயகியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு?" என்றேன்.

"எனக்கு எங்க இருக்குது?"

"அக்குள்ல?"

"அக்குள்ல அக்குள்தான் இருக்குது."

கோபம் வர வேண்டும். வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்பது முதலில் உள்ளே போய், எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டது. கோபத்துக்கு இடமே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதே என்னை எழுப்பி, கதவுக்குள் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே போன பிறகுதான் ஊசி ஞாபகம் வந்தது.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்றாள் லோகநாயகி பக்கத்தில் நின்று. "கண்ண மூடிகினு நூறு எண்ணுங்க. சின்னக் கொழந்தைங்களே அழாம போட்டுக்குது."

பன்னிரண்டு எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. நிஜமாகவே எறும்புதான். கொஞ்சம் பெரிய எறும்பு.

டாக்டரிடம் பொடியைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். அவர் திட்டவில்லை. இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்தவர் போலிருந்தது.

"அது வைட்டமினே இல்லீங்க. பேருதான் அப்படி வச்சிருக்காங்க. அந்த விதைல இருக்கற மருந்த வெளிநாட்டுல கேன்சர் பேஷண்டுங்களுக்கே குடுத்து எப்பவோ சோதிச்சுப் பாத்துட்டாங்க. கட்டி கரையல. விதைய அரைச்சுத் தின்னா உள்ள போயி சயனைடா மாறும். ஒண்ணு ரெண்டு தெரியாம முழுங்குனா பரவால்ல. ஸ்பூன் ஸ்பூனா சாப்ட்டா ஆளே போயிடலாம். எத்தன நாள் சாப்ட்டீங்க?"

"ரெண்டு வாரம்" என்றேன்.

"ஒரு நாள்தான் டாக்டர்" என்றாள் லோகநாயகி.

பதற்றத்தில் கணக்குத் தப்பாகச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை. ஆனால் அப்படியே விட்டுவைத்தால் ஒரு நாள் கெட்டதாக மாறக்கூடிய ரகம், இப்போதே எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்றார்கள். ஊசிக்குப் பயந்தவனுக்குக் கத்தி கிடைத்தது. அதற்கு நான் தீர்மானம் எதுவும் போடவில்லை. போட்டாலும் செல்லாது என்று தெரிந்துபோயிற்று.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, கழுத்தைச் சுற்றிக் கட்டோடு சாய்ந்திருந்தேன். ஜெபகுமார் பார்க்க வந்தான். கையில் ஒரு பை. உள்ளே ஆப்பிள். அனு அதைப் பார்த்ததும் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டாள்.

எனக்குக் கொஞ்சம் கௌரவத்தை மீட்க வேண்டியிருந்தது. "டாக்டர் என்ன வேணா சொல்லட்டும் ஜெபகுமார்" என்றேன் தாழ்ந்த குரலில். "கட்டி கெடாம இருந்தது எதனால? ரெண்டு வாரம் அந்தப் பொடி காவல் காத்துச்சு. ஆபத்தானதுதான். இல்லன்னு சொல்லல. ஆனா என் உடம்பு அதைத் தாங்கிச்சு பாரு."

"நானும் தாங்கிட்டேன் சார்" என்றான் அவன் பெருமையாக. "எனக்கு சுகருகூட கொறஞ்சிருக்கு, கேட்டியளா."

லோகநாயகி காபியோடு வந்தாள். "கொறையும் தம்பி. பாதி வெந்தயந்தான அது" என்றாள்.

"என்னது?"

"வெந்தயம், பாகற்கா வத்தல், தர்பூசணி விதை. வறுத்து அரைச்சது."

நான் காபியைக் கீழே வைத்தேன். "என் டப்பாவுல இருந்தது?"

"உங்க பொடிய மொத நாளு சாயங்காலமே சாக்கடைல கொட்டிட்டேன். நுனி நாக்குல வச்சிப் பாத்தேன், ஒரே கசப்பு. அதான் பாகற்கா. அனுதான் சொன்னா, கெமிஸ்ட்ரி மிஸ் பாடத்துல நடத்தினாங்களாம், ஆப்பிள் கொட்டை, சயனைடுன்னு. ரெண்டு பேரும் அன்னிக்கு சோறு திங்கல."

ஜெபகுமார் பயத்திலும் நிம்மதியிலும் மாறி மாறி முழித்தான். இன்னொரு ஸ்பூன் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஸ்டோர்ஸ் ஆளாகக் கேட்டேன்.

"அது எப்படி முடியும்? மூடில என் கையெழுத்து இருந்துதே. நானே தினமும் பாத்துதான் பிரிச்சேன்."

"அனு ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ரேங்க் கார்டுல உங்க கையெழுத்த போடறது யாரு?"

தூரத்தில் நின்று டூப்ளிகேட்டைப் பொறுக்கி எடுக்கிறவன் நான். ஜெபகுமார் என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தான்.

"சரி, விடு" என்றேன். "ஆனா மொத நாளே எப்படிக் கண்டுபுடிச்ச? செங்கம்மா சொன்னதாலயா?"

"இல்ல. ஆட்டி ஆட்டி வாங்கறாருன்னா, பைத்தியம்னு நெனச்சேன்."

"நான் பழம் நறுக்கினதாலயா?"

"அது பாசம்னு நெனச்சேன்."

"பின்ன?"

"கிரிவலம் சுத்திட்டு வூட்டுக்கு வரேன். மேடைல மிக்ஸி ஜாரு கவுந்து கெடக்குது. பளபளன்னு. பதினெட்டு வருஷத்துல ஒரு டம்ளர் கழுவாத மனுசன் மிக்ஸி ஜாரை வெளக்கி வச்சிருக்காரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. இன்னாமோ உயிர் போற விசயம் பண்ணிட்டாருன்னு டிக்கி சாவிய தேடினேன். மறுநாள் சாயங்காலந்தான் கையில கெடச்சுது."

ஜெபகுமார் ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

தையல் பிரித்த மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் மிக்ஸி ஜார் கழுவுவது நான்தான். எனக்குக் கழுவத் தெரியாது என்று இனி சொல்ல முடியாதாம்.